வாசலில் நிற்பவர்

பாப்பாவுக்கு,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் காரியத்தன்று படையல் சோற்றை என் முன்னால் வைத்தாய். நான் தொடவில்லை. "அப்பாவுக்குப் படைச்சதக்கூட தொட மாட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு ரெட்டியார்பாளையத்தில் உன் வீட்டுக்குப் போனவள், இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து நான் படையல் சாப்பிடுவதில்லை. அது தப்பென்று இப்போதும் தோன்றவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் படைப்பதற்கு முன்பே எனக்கென்று ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்தவர் உன் அப்பாதான். அன்றைக்கு எடுத்து வைக்க ஆள் இல்லை. ஆனாலும் நீ அழுதுகொண்டே இலையை எடுத்துப் போனது கண்ணை விட்டுப் போகவில்லை. என்னை மன்னித்துவிடு.

வெள்ளிக்கிழமை பைபிள் ஸ்டடிக்கு இப்போது ஆட்டோவில் போகிறேன். முன்பெல்லாம் அப்பா வண்டியில் கொண்டுவிட்டு, முடியும்வரை வாசலிலேயே நிற்பார். பாஸ்டர் உள்ளே கூப்பிட்டால், "நீங்க நடத்துங்க சார், நா இங்கயே இருக்கேன்" என்பார். மழை பெய்தாலும் அப்படித்தான்.

போன வாரம் பரலோகத்தைப் பற்றிப் பாடம். "நம்பாம செத்தவங்களுக்கு அங்க இடம் இருக்கா பாஸ்டர்?" என்று கேட்டேன். அவர் பைபிளைப் புரட்டினார். பிறகு மூடிவிட்டு, "ஜெபம் பண்ணலாம்மா" என்றார்.

பண்ணினேன். "உம்மை நம்பறேன் ஆண்டவரே. ஆனா அந்த மனுஷன் அங்கயும் வாசல்லயே நிக்கிறாருன்னா, நானும் உள்ள வரல."

உன் அம்மா