கயிறு என் கையில் இருந்தது

வெண்கடற்கரை,
பெருநோன்பின் முதற்செவ்வாய்.

ஆண்டவர் திருமுன் எனக்கு மகளாகவே நிற்கும் மருமகள் அகாஃபியாவுக்கு, உன் மாமனார் சவ்வாத்தி எழுதுவது. உனக்கும் பிள்ளைகளுக்கும் நலமும் நெடிய ஆயுளும் அருளப்படுவதாக.

நீ அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்து சேர்ந்தன. முழங்கால் வலிக்கிறது, ஆயினும் பனிமேல் நடக்கத் தடையில்லை. கடல் இவ்வாண்டு முக்கால் மீட்டர் உறைந்திருக்கிறது.

ரோதியோன் எங்கள் முகாமுக்கு வருகிறானாமே என்று கேட்டிருந்தாய். வந்தான். ஆறு விருந்தினரை அழைத்துக்கொண்டு, பனிக்கடியில் முழுகக் கற்பிக்கும் ஆசானாக வந்தான். இரண்டாண்டுக்கு முன் என் மகன், உன் கணவன் சோசிமா நீருக்கடியில் மூச்சுக்கு மன்றாடிய வேளையில், பிடிக்க வேண்டிய கயிற்றைப் பனித் திருகாணியில் கட்டிவிட்டுக் குடிசைக்குள் தேநீர் அருந்தியவன் அவன். அன்று குடிசையில் இருந்த சமையற்காரி அதை உன்னிடம் அழுதுகொண்டு சொன்னாள். விசாரணையில் சொல்ல அஞ்சினாள். அவனோ, கயிறு தன் கையில் இருந்ததாகவும், சோசிமா ஒருமுறைகூட இழுக்கவில்லை என்றும் கூறினான். குற்றம் இறந்தவன்மேல் எழுதப்பட்டது.

வந்த நாள் மன்னிப்பு ஞாயிறு. நோன்பு புகுமுன் ஒருவரையொருவர் வணங்கி மன்னிப்புக் கேட்கும் அந்நாளில், கையில் அப்பத்தட்டோடு என் முன் நின்று, என் தந்தைபெயரால் அழைத்தான்.

“நிக்கோனிச், வழக்கத்த விடலாமா? மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க.”

“எதுக்குன்னு சொல்லு, மன்னிக்கிறேன்” என்றேன்.

“அட, சும்மா ஒரு பேச்சுக்குத்தான்!” என்று சிரித்தபடி அப்பத்தை மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

அன்று முகாமில் அனைவரையும் வணங்கினேன், அவனைத் தவிர.

நேற்று அவனே முதலில் இறங்கினான். கயிறு பிடிக்க என்னைக் கேட்டான். “முப்பது வருஷமா ஒருத்தரையும் விடாத கை. அதுவும் சாமி கும்பிடுற கை, பழி வாங்காது” என்று விருந்தினரிடம் கண் சிமிட்டினான்.

ஆயத்தத்தில் நான் எதையும் குறைக்கவில்லை. முக்கோணத் துளையின் விளிம்புகளைச் செதுக்கினேன். கீழிருப்பவன் அண்ணாந்தால் வழி தெரியும்படி, துளையை நோக்கிப் பனித்தூளை வாரி ஒளிக்கோடுகள் இட்டேன். இரண்டு மூச்சுக்கருவிகளையும் அடுப்பருகே உலர்த்தித் காற்றுக்கலனின் தனித்தனி அடைப்பானில் பூட்டினேன். கயிற்றை மற்றெல்லாப் பட்டைகளுக்கும் அடியில், உடலை இறுகப் பற்றிய வாரில் முடிந்தேன். ஆபத்து நேர்ந்தால் துணைக்கு இறங்கவேண்டிய உல்யானா முழு உடையோடு அருகே அமர்ந்திருந்தாள்.

“தல தண்ணிக்குள்ள போனப்புறம்தான் கருவிய வாயில வைக்கணும். இந்தக் குளிர்ல வெளிய மூச்சு விட்டா உள்ள உறைஞ்சிடும்” என்றேன்.

“எனக்கே பாடமா, பெரியவரே?” என்றவன், விளிம்பில் நின்று, விருந்தினருக்கு வேடிக்கை காட்ட அதை வாயில் வைத்து இருமுறை ஊதினான்.

நான் பார்த்தேன். மறுமுறை சொல்லவில்லை. இதைப் பாதிரியாரிடம் அறிக்கையிடுவேன். வருந்துகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

ஏழாம் நிமிடம் கயிறு துள்ளியது. ஓர் இழுப்பு என்றால் நலம். ஓயாமல் இழுத்தால், தூக்கு என்று பொருள். அது ஓயவில்லை. “நிக்கோனிச், தூக்குங்க! என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க?” என்று உல்யானா கத்தினாள். முதற்கருவி உறைந்துவிட்டது என்று புரிந்தது; இரண்டாம் கருவி அவன் மார்பில் பழுதின்றி இருப்பதையும் அறிவேன். பகைவனுக்கு எதிராக வேதத்தில் உள்ள பாடல்களை இரண்டாண்டுகளாகத் தாழ்குரலில் ஓதி வந்தேன். நேற்று அவை நாவுக்கு வரவில்லை, கைக்கு வந்தன. சோசிமா எப்படித் துடித்திருப்பான் என்பதை என் உள்ளங்கை கற்றுக்கொண்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று கேட்காதே.

பிறகு தூக்கினோம். இரண்டாம் கருவியைக் கடித்தபடியே வந்தான். அதைத் துப்பிவிட்டு அலறினான்: “எங்கய்யா போயிருந்தீங்க? எத்தன தடவ இழுத்தேன்! கயிறு கையில இருந்தா பொணத்துக்குக்கூடத் தெரியுமே! தெரியலன்னா கையில இல்லன்னுதானே அர்த்தம்?”

கயிற்றை இரு கைகளிலும் ஏந்தி அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இந்த வார்த்தைக்குத்தான் ரெண்டு வருஷமா காத்திருந்தேன், ரோதியோன். இன்னொரு தடவ சொல்லு, எல்லாரும் நல்லாக் கேட்டுக்கட்டும்.”

அவன் உதடு நீலமாகியிருந்தது. குளிரால் மட்டும் என்று நான் நம்பவில்லை. மாலையில் வண்டி ஏறும்போது, “குளிர்ல ஏதோ ஒளறிட்டேன்” என்றான். அதற்குள் உல்யானாவும் ஆறு விருந்தினரில் ஐந்து பேரும் அவன் சொன்னதை எழுதிக் கையொப்பமிட்டுவிட்டார்கள். விசாரணையை மறுபடி திறக்கக் கோரும் மனு ஆயத்தமாக இருக்கிறது. சமையற்காரியும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மகளே, மனுவில் மனைவியின் கையொப்பம் வேண்டும். சோசிமாவின் வலக் கையுறையை நீ பெட்டியில் வைத்திருக்கிறாய். கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கைப் பக்கம் அறுந்துபோன கையுறை. பனிக்கட்டி கிழித்ததென்று எழுதி உன்னிடமே திருப்பித் தந்தார்கள். அதைத் துவைக்காதே, தைக்காதே. எடுத்துக்கொண்டு வா. அவனை மன்னித்துவிடுங்கள் மாமா என்ற சொல்லை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வா.

ஆண்டவர் உன் பயணத்தைக் காப்பாராக. என்னை அவர் பிறகு விசாரித்துக்கொள்ளட்டும்.

சவ்வாத்தி