மூன்றாம் ஏந்துநர் குறித்து இளவரசர் இளந்தித்தருக்கு

பாலியாற்று நீர் கடைமடை வரை செல்க! மருதவாயில் நாட்டு உலைகள் நாளும் கொதிக்க!

மருதவாயில் கொற்றமும் பாலியாற்றின் தென்கரை முழுதும் காத்தருளும் வெண்முகிலித் தேவியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் கண்ணந்தை எழுதியது. கோடைக்குன்றக் கோட்டையின் காவலரும், தேவியாரின் இளவலும், பந்துக்களத்தில் ஊரார்க்குச் செல்லப்பிள்ளையுமாகிய இளந்தித்தர் நலமுடன் கண்டருள்க. கோட்டையும் குதிரைகளும் தாங்களும் நலமே எனக் கேட்கத் தேவியார் பெரிதும் விழைகிறார்.

செய்தி யாதெனில், வரும் நிறைமதி நாளில் வடகரைச் சேணாட்டாரோடு அக்கரையில் நாம் ஆடும் பந்தாட்டத்தில் வெல்பவர்க்கே இவ்வாண்டின் முதல் மடையைத் திறக்கும் உரிமை என்பது தாங்கள் அறிந்ததே. நடுவில் நிற்பவன் எறியும் பந்தைக் களத்தின் ஓரங்களில் ஓடிப் பிடிக்கும் ஏந்துநர், அணிக்கு மூவர்க்கு மேல் ஆற்றைக் கடக்கலாகாது என்பது இருநாட்டு உடன்படிக்கை. நம்மிடம் இருப்பவரோ நால்வர். நெரிசலுக்குள்ளும் எம்பிப் பிடிக்கும் காரியையும், காலில் இறக்கை கட்டியது போல் ஓடும் வெளியனையும் விட்டுவிட எவருக்கும் மனமில்லை. ஆகவே மூன்றாம் இடம் தங்களுக்கா, பொத்தனுக்கா என்பதே கேள்வியாய் நின்றது.

அவையோர்க்கு அதில் ஐயமே எழவில்லை. பந்தைப் பிடித்தவன் பெயரை முரசறைவோன் உரக்கக் கூவுவது நம் வழக்கமன்றோ? தங்கள் பெயரைக் கேட்டுக் கேட்டு அவர்தம் காது பழகியிருந்தது. பொத்தன் பெயரைக் கேட்டதாக ஒருவருக்கும் நினைவில்லை. அவன் வெயிலில் வீணே ஓடி வியர்ப்பவன் என்று அமைச்சர் ஒருவர் நகைத்தார். அமைச்சர் நகைத்த பின் மற்றவர் நகைக்கக் கேட்பானேன்!

அப்போது பந்துப்படை நாயகர் அழிசியார் எழுந்து, தேவியார் ஒரு பயிற்சியாட்டத்தில் பந்தைப் பாராது பொத்தனை மட்டும் பார்த்தருள வேண்டும் என்று விண்ணப்பித்தார். சென்ற திங்கள் தாங்கள் இங்கு வந்து ஆடிய ஆட்டமே அது. பொத்தன் ஓடிய திசையெல்லாம் எதிர்க்காவலர் இருவர் அவனை விடாது துரத்தினர். அவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் தாங்கள் தனியே நின்று பந்தைப் பிடித்தீர்கள், முரசும் முழங்கிற்று. பின்னர் அழிசியார் பொத்தனை வெளியே அமர்த்தினார். காரி நெரிசலிலும் பிடித்தான், வெளியன் ஓடித் தப்பிப் பிடித்தான்; காவலர் சூழ்ந்துகொண்ட தங்கள் கைக்கோ ஒரு பந்தும் வரவில்லை. எறிபவனுக்குக் கண் தெரியவில்லை என்று வைதுவிட்டுத் தாங்கள் கோட்டைக்குத் திரும்பினீர்கள். பாவம், அவனுக்குக் கண் நன்றாகவே தெரியும்.

அன்று மாலை அழிசியார் தம் பதவிக்கு அடையாளமான பிரம்பைத் தேவியாரின் திருவடியில் வைத்து, இளவரசரையே கொள்க என்பது ஆணையாயின் தலைவணங்குவதாகவும், ஆனால் அவ்வணியை நடத்திச் செல்லத் தம்மால் இயலாதென்றும் கூறினார். பெற்றோர் மறைந்த பின் தாங்கள் கேட்டுத் தேவியார் மறுத்தது ஒன்றுமில்லை. முதன்முதலாக மறுப்பது இதையா என்று அவர் கலங்கினார். முதல் மடைக்காக நாற்றங்காலில் காத்திருக்கும் உழவரையும் அவர் எண்ணிப் பார்த்தார். பிறகு பிரம்பை எடுத்து அழிசியார் கையிலேயே கொடுத்தருளினார்.

ஆகவே ஆணையாவது: காரி, வெளியன், பொத்தன் ஆகிய மூவரும் ஆற்றைக் கடப்பர். தாங்கள் தங்கள் அணித் தோள்பட்டியை இவ்வோலை கொணர்ந்த வீரனிடம் ஒப்படைத்து, நிறைமதி நாளில் தேவியாரின் அருகமர்ந்து ஆட்டம் கண்டருள்க. மறுமொழி ஓலை வேண்டப்படவில்லை. மருதவாயில் அரச முத்திரை இட்டு உறுதி செய்யப்பட்ட இவ்வாணை எவராலும் மீறற்பாலதன்று.

முத்திரைக்குக் கீழே தேவியார் தம் கையால் கீறியது:

தம்பி, இதைச் சொல்ல அரசியாக இருந்தால் போதுமாயிருந்தது. அக்காவாக உன் முகத்தைப் பார்க்கத்தான் பயமாயிருக்கிறது. கோபத்தோடாவது வந்துவிடு.