வளையலைக் கழற்றாத கை

திண்டிவனம், 1938, தை 12

வளைகாப்பு முடிந்த அன்றே என் மனைவி தனம் கோலியனூருக்கு, தாய் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். எனக்கு இன்ஃபுளுயன்ஸா என்று தங்கிவிட்டாள். என்னை மூன்றே நாளில் விட்ட காய்ச்சல் அவளை ஆறு நாளாக விடவில்லை.

"புள்ளத்தாச்சி ஒடம்பு வேறங்க. உங்கள மாதிரி ஜல்தியா காய்ச்சல வெரட்டாது," என்றார் இன்று வந்த நர்ஸம்மா. நாடி பார்க்க வளையலைக் கழற்றச் சொன்னார். பிரசவம் வரை கழற்றக் கூடாதே. தனம் கையை மூடிக்கொண்டாள்.

அவர் போனதும் வளையல்களை மேலே தள்ளி நானே நாடியை எண்ணினேன். அது ஓட்டமாக ஓடியது. பாதியில் அவள் என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள்.

"என்னுது கெடக்கட்டும். இது எப்படி ஒதைச்சிக்கினு இருக்குது பாருங்க."

எண்ணிக்கை விட்டுப்போயிற்று. தூங்கியும் என் வலது கையை அவள் விடவில்லை. இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டே போகிறது.