குடிக்காதவனின் இதயம்

என் செல்லத் தம்பி சேகருக்கு,

இந்த வருஷமும் உன் படையல் இலையில் பெரியப்பா ஒரு குவார்ட்டர் பாட்டிலை வைத்தார். செத்தவனுக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமாம். உனக்குப் பிடித்தது டீயும் இரண்டு பொறை ரொட்டியும் என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். காக்காய் சோற்றைத் தொட்டதும் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனவர் அவர்தான். பாசம் அப்படிப் பொங்குகிறது மனிதருக்கு.

காய்ச்சல் வந்து போன ஒரு மாதத்தில், மாகறலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் இதயம் வீங்கியிருக்கிறது என்றார். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். அந்த நோய்க்கு எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். கூட வந்த பெரியப்பா அந்தக் கேள்வியையே பதிலாக ஊருக்குக் கொண்டுவந்தார்.

“இவன் ஊத்திக்கினதுல நெஞ்சே வீங்கிக்கீது. டாக்டரே சொல்லிட்டாரு.”

இதயம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிற ஆள். அவர் பேச்சை ஊர் நம்பியது. டிராக்டர் ஓட்டுகிறவன் குடிக்காமல் இருப்பானா என்று கேட்டவர்களில் பாதிப் பேர் பிராந்திக் கடையிலிருந்து நேராக உன் சாவுக்கு வந்தவர்கள்.

இப்போது சென்னையில் என் ஆய்வுக்கூடத்துக்கு வீங்கிய இதயங்களின் தசைத்துண்டுகள் வருகின்றன. அவற்றை மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றுவது என் வேலை. சாதாரணக் காய்ச்சலைத் தரும் சில வைரஸ்கள் செல்லுக்குள் நுழைய ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஏற்பி என்று பெயர். நல்ல இதயத்தில் அது அதிகம் கிடைப்பதில்லை. வீங்கிய இதயங்கள் பலவற்றில் பளிச்சென்று தெரிகிறது. ஏற்பி கூடியதால் இதயம் கெட்டதா, கெட்டதால் ஏற்பி கூடியதா என்று எங்கள் டாக்டருக்கே இன்னும் தெரியாது. உன் இதயத்தை யாரும் இப்படிப் பார்க்கவும் இல்லை. அதனால் உன்னைக் கொன்றது வைரஸ்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மைக்ராஸ்கோப் வைத்திருக்கிறவர்கள் தெரியாது என்கிறார்கள். பாட்டில் வைத்திருக்கிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது!

உன் மகள் செல்வி பத்தாவது படிக்கிறாள். படையல் இலையை எடுக்கும்போது என்னிடம் கேட்டாள்.

“அத்தே, நைனா குடிச்சித்தான் பூட்டாரா?”

இல்லவே இல்லை என்றேன்.

“உனுக்கு எப்டித் தெரியும்?”

இலையைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும், இல்லையா?

பெரியப்பாவைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நீ வாசற்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறி நின்ற அன்று, “எங்க, ஊது பாக்கலாம்” என்று உன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனவள் நான். நீ ஊதினாய். ஒரு வாடையும் இல்லை. அப்படியும் நம்பாமல் அந்த மாதம் முழுக்க, நீ வீட்டுக்கு வந்தபோதெல்லாம் ஊதச் சொன்னேன். ஒரு நாள்கூட நீ மறுக்கவில்லை. ஒரு நாள்கூட வாடை அடிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ச் செல்வியிடம் இதைச் சொல்லப் போகிறேன். மூச்சில்லாமல் வந்தவனை ஒவ்வொரு தடவையும் ஊதச் சொன்னேன், அதனால்தான் எனக்குத் தெரியும் என்று சொல்வேன். அவள் என் முகத்தில் காறித் துப்பட்டும். உன்னை நம்பினால் போதும்.

உன்னை மோந்து பார்த்த
உன் அக்கா