மூன்று விரல் தள்ளி

காஜா பெராங், மலாக்கா
11-9-1957

அன்பு மகன் சேதுராமனுக்கு அம்மா தெய்வானை ஆசி கூறி எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கை சீதாவும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் சிங்கப்பூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைக்கத்தானே முடியும், நீ எழுதும் நாலு வரியில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. சீதா தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், முதலில் தைத்த ரவிக்கையில் ஒரு கை நீளம் ஒரு கை குட்டை, அதையும் போட்டுக்கொண்டுதான் மெர்டேக்கா சுதந்திர விழா பார்க்கப் போனாள். பின்கட்டு ரம்புத்தான் இந்த வருஷம் காய்த்துத் தள்ளிவிட்டது, உனக்கு அனுப்ப வழி தெரியாமல் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தேன். கொடி கட்டாத வீடு நம் தெருவில் இல்லை. இதெல்லாம் இருக்கட்டும், மைக் என்ன ஆயிற்று அப்பா பாடினாரா என்று இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டாய், ஒழுங்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், அவசரப்படாமல் படி.

போன வருஷம் அப்பாவுக்குத் தொண்டையில் புண் வந்து, இனிமேல் குரலை உயர்த்தவே கூடாது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். கோயிலில் பாடினால் முச்சந்தி வரைக்கும் கேட்ட குரல் அது. அதன் பிறகு மனிதர் குளிக்கும்போதுகூட வாயைத் திறப்பதில்லை. பாட்டு இல்லாத வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று உனக்குத் தெரியாது சேது. மெர்டேக்கா கச்சேரிக்கு நம் சங்கமே சொந்தமாக மைக் வாங்கப்போகிறது, நீங்கள்தான் முதல் பாட்டு பாட வேண்டும் என்று சங்கத் தலைவர் ராஜரத்தினம் வந்து கேட்டபோது, மைக்கை வாயில் கவ்விக்கொண்டு முனகுவதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். யாரை நினைத்து அப்படிச் சொன்னார் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ சிங்கப்பூர் பேண்டு வாத்தியக்காரர்களோடு பாடப் போன நாளிலிருந்து அதே பேச்சுதான், இரண்டு வருஷமாக உன் பெயரையும் வாயால் சொல்லவில்லை. இந்தக் கச்சேரியிலும் பாடாவிட்டால் இனி எந்தக் காலத்திலும் பாட மாட்டார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, அதனால்தான் எந்த மைக் நல்லது என்று கேட்டு உனக்கு எழுதினேன்.

உன் பதில் வருவதற்குள் ராஜரத்தினம் முந்திக்கொண்டார். கையில் எடுத்தால் கனமே இல்லாத ஒரு மைக், விலை மலிவு, கிரிஸ்டல் என்று பெயராம். அதைச் சோதித்துப் பார்க்க, பாடப்போகிறவரைத் தவிர ஊரில் எல்லாரையும் கூப்பிட்டார்கள். ராஜரத்தினம் ஒரு முழுப் பிரசங்கமே செய்தார், கணீரென்று கேட்டது, சீதா பாடினாள், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அப்பாவை இழுத்துப்போய்ப் பாட வைத்தேன். இரண்டு அடிதான் பாடினார். யாரோ பிஸ்கட் டின்னுக்குள் உட்கார்ந்து பாடுவது மாதிரி இருந்தது. எல்லாரும் பேஷ் பேஷ் என்றார்கள், அவர் மட்டும் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதோடு அந்த மைக் தொலைந்திருந்தால் சரி, ஆனால் புதுச் சாமான் ஆயிற்றே என்று அம்மன் காலடியில் வைத்து, தண்ணீர் தெளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரத்தட்டை அதன் முகத்தருகே காட்டி, சாயங்காலம் வரை விளக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டார்கள். எடுத்துப் பேசினால் கம்மென்று கிடக்கிறது. அம்மனே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றார் ராஜரத்தினம். தெங்கேரா தெரு ரேடியோக் கடைச் சீன முதலாளி, அந்தத் தவுக்கே, அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாராம், உள்ளே உப்புக்கட்டி மாதிரி ஒன்று இருக்கிறதாம், சூடும் ஆகாதாம் ஈரமும் ஆகாதாம். நாம் இரண்டையும் காட்டி ஆரத்தியும் எடுத்திருக்கிறோம்.

அப்புறம்தான் உன் கடிதம் வந்தது. நீ எழுதியிருந்தபடியே செய்தேன். பேசிப் பார்த்து வாங்காதே, அப்பாவையே மெதுவாகப் பாடச் சொல்லிப் பின்னால் நின்று கேள் என்றாய், ரேடியோ நிலையத்து விலை உயர்ந்த மைக்கெல்லாம் மேடைக்கு வேண்டாம், கம்பிச்சுருள் வைத்த கனமான மைக்தான் நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் தாங்கும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை என்றாய். அப்பாவைச் சந்தைக்கு என்று சொல்லிக் கூட்டிப்போய் தெங்கேராவில் இறங்கினேன். தவுக்கே ஒரு மைக்கை எடுத்து வைத்தார், முகவலை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, தூக்கினால் அம்மிக்குழவி கனம். இனி தா தாக்குத் பானாஸ் என்று மலாயில் சொன்னார், சூட்டுக்குப் பயப்படாதாம். ஆனால் ஒரு சாண் தள்ளி நின்றால் அதற்குக் காது கேட்காது. அப்பா வழக்கம்போல் எட்டி நின்று பாடினார், ஒன்றும் வரவில்லை. உதட்டிலிருந்து மூன்று விரல் தள்ளிப் பிடியுங்கள் என்றேன், யார் சொன்னது என்று கேட்டார், தவுக்கே என்று சொல்லிவிட்டேன், உன் பெயரைச் சொல்லக் கூடாது என்று நீதானே எழுதினாய். முணுமுணுப்பாக ஒரு அடி பாடினார். நான் கடையின் கடைசியில் பழைய ரேடியோக்களுக்கு நடுவே நின்றிருந்தேன். தம்பி, அது பழைய குரல் இல்லை, ஆனால் அவருடைய குரல்தான், அடித்தொண்டைக் கனமெல்லாம் அப்படியே வந்து என் பக்கத்தில் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, தவுக்கே விலையைக் கேட்டு அழுகிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

வீட்டில் தினமும் அகப்பையை மைக்காகக் கொடுத்துப் பழக வைத்தேன். அப்பா பாடப்போகும் பழனி முருகன் பாட்டில் ப, ப என்று நிறைய வருகிறது, நேரே ஊதினால் வெடிக்கும், வாயைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பச் சொல் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதையும் தவுக்கே சொன்னதாகவே சொன்னேன். அப்பா அகப்பையை இறக்கிவிட்டு, தவுக்கேக்குப் பழனிப் பாட்டு தெரியுமா என்று கேட்டார். எங்கேயாவது கேட்டிருப்பார் என்று உளறினேன். உம் என்றார், அவ்வளவுதான், மறுபடியும் பாட ஆரம்பித்துவிட்டார்.

கச்சேரி அன்று நம் சங்க மைதானத்தில் நிற்க இடமில்லை. அப்பா மேடையேறினார், மிருதங்கம் நம் கணபதி. பாட்டை எடுப்பதற்கு முன்னால் கணபதியிடம் ஏதோ சொல்வதுபோல் தலையைத் திருப்பினார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. மூணு வெரலு தள்ளிப் பிடிச்சுப் பாடணும்னு எம் பையன் சேது சிங்கப்பூர்லேர்ந்து சொல்லி அனுப்பியிருக்கான் கணபதி, தப்பா இருந்தா அவனத்தான் கேக்கணும் என்றார். சனம் சிரித்தது. பிறகு பாடினார், ஒரு ப-கூட வெடிக்கவில்லை. மைக் வேலை செய்வது தெரியாமல் வாய் தவறிப் பேசிவிட்டார் பாவம் என்று ராஜரத்தினம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் ஒரு சாண் தள்ளினால் காது கேட்காத மைக் அது. அப்பா தலையைத் திருப்பியபோது கையிலிருந்த மைக்கும் கூடவே திரும்பியதை நான் பார்த்தேன்.

கோபம் எல்லாம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், நேற்றுக்கூட பேண்டு கூத்து என்று ஏதோ ஆரம்பித்தார், ஆனால் அவன் என்று சொல்லவில்லை, சேது என்றுதான் சொன்னார். உன் தொண்டை பத்திரம், பாடி முடித்த சூட்டோடு ஐஸ் தண்ணீர் குடிக்காதே. மாரியம்மன் உனக்குத் துணையிருந்து நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தருவாள். தீபாவளிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து சேர். உன் மைக்கை எடுத்து வர வேண்டாம், இங்கே ஒன்று இருக்கிறது, அப்பாவும் நீயும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
அ. தெய்வானை