ஐயாவின்ர கதிரை

14.06.1974, வெள்ளி

மங்களத்துக்கு வேலை கிடைக்கேல்லை. நேர்முகத்துக்குப் போன யாழ்ப்பாணத்துக் கந்தோரில "இரும்" எண்டு கதிரையைக் காட்டினவையாம். மூண்டுதரம் சொல்லியும் அவள் நிண்டபடியேதான் மறுமொழி சொன்னவளாம். கூச்சம் கூடின பிள்ளை, சரிவராது எண்டு அனுப்பிப்போட்டினம்.

இந்தக் கரம்பொன் ஊரில கள்ளுச் சீவுறவரின்ர மகளை ஆர் கதிரையில இருக்க விட்டவை? நானும் விடேல்லை. ஒரு வருசமா என்னட்டைத் தட்டச்சுப் பழகிறவள். அம்மாவுக்குப் பயந்து அவளுக்கு முதுகு சாயாத பலகை வாங்குதான் போட்டுக் குடுத்தனான். பிழை என்ர.

பின்னேரம் விறாந்தையில கிடந்த ஐயாவின்ர தேக்கங்கதிரையை இழுத்துக்கொண்டு வந்து தட்டச்சு மிசினுக்கு முன்னால வைச்சன். ஐயா செத்தாப்பிறகு அதில ஒருத்தரும் இருந்ததில்லை. அம்மா குசினி வாசலில நிண்டு பாத்தா.

"அவளுக்கோ?"

"ஓம், அவளுக்குத்தான்."

"பிறகு நான் அதைத் தொடமாட்டன்."

"தொடாதேங்கோ அம்மா."

இன்னும் என்னைப் பேசிக்கொண்டுதான் படுத்திருக்கிறா. பேசட்டும்.

வாங்கைத் தூக்கி வீட்டுக்குப் பின்னால கோடிக்குள்ள போட்டிட்டன். அடுத்த மாதம் இன்னொரு கந்தோரில நேர்முகம் இருக்கு. நாளைக்குக் காலமை மங்களம் வருவாள், கதிரையைக் கண்டிட்டு இருக்காமல் நிப்பாள். அவள் அந்தக் கதிரையில வந்து இருக்கும்வரை நானும் நிக்கப்போறன்.