மணல்மூட்டைக்குப் பின்னே நின்ற தண்ணீர்

குசும்காட், சோன்பூர் மாவட்டம்
ஏப்ரல் 13

அன்புத் தம்பி குலமணிக்கு,

நேற்று ஆற்றங்கரையில் இருந்தவர்கள்: டெல்லித் தீர்ப்பாயத்து நீதிபதிகள் மூன்று பேர், ஆற்றுக்கு மேலே இருக்கிற மாநிலத்து வக்கீலான தங்கக் கண்ணாடிக்காரர், அவருடைய போட்டோக்காரன், நம் ஒடிசா பக்கத்துப் பெரிய வக்கீல், சாமிக்காக உடம்பை வருத்தும் தண்ட விரதக்காரர்களின் தலைவர் பீதாம்பர், என் மகன் சுபல், நான், அந்தப் பெரிய வக்கீலோடு சேர்ந்து நமக்காக வாதாடுகிற நீ. நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக்கூடாது.

மேலே அணை கட்டி நம் பங்கை அடைத்துவிட்டார்கள், தெல்கோய் ஆறு வறண்டு கிடக்கிறது என்றுதானே வழக்கு? அதைக் கண்ணால் பார்க்கத்தானே வந்தார்கள்? வந்த நாள் தண்ணீர்த் தண்ட நாளாகப் போய்விட்டது. விரதக்காரர்கள் ஆற்றில் மூழ்கி எழ வேண்டுமே. வருஷா வருஷம் செய்வதுபோல மணல்மூட்டை அடுக்கி, சுபலின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குழாய் போட்டு நிரப்பினோம். சாமி இறங்கும் இடம் என்று மூட்டைகளை மாவிலையால் மூடினோம். இடுப்பளவு தண்ணீர்!

கண்ணாடிக்காரருக்குப் பல்லெல்லாம் வெளியே. "வறண்டுபோச்சுன்னீங்களே, எருமையே நீந்தும் போலிருக்கே!" என்றார். பெரிய நீதிபதி உன் பக்கம் திரும்பி, "நீங்க இந்த ஊர்தானே? இது ஆத்துத் தண்ணியா?" என்று கேட்டார். நீ உன் ஷூவைப் பார்த்தாய். நான் வாயைத் திறந்தேன். "ஏ கிழவி, தள்ளு" என்று போலீஸ்காரன் ஒதுக்கிவிட்டான்.

போன வருஷம் நீயே இரண்டு மூட்டை தூக்கிப் போட்டவன். தொண்டையில் என்ன அடைத்தது? கோடை நெல் கதிர் பிடிக்கிற நேரம். சுபலின் கிணறு வயலுக்குக் காணாது; அணையிலிருந்து ஒரே ஒரு தடவை தண்ணீர் விட்டால் போதும்.

உன் அக்கா,
சைரந்திரி

கட்டாக்
ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு வணக்கங்கள்.

கோபம் வேண்டாம். நீதிபதிகள் முன்னால், எங்கள் ஊர் ஆற்றை நாங்களே ஊற்றி நிரப்புகிறோம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இன்னும் வழி இருக்கிறது. அந்தத் தண்ணீர் மோட்டார் போட்டு நிரப்பியது என்று ஊரார் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் தாக்கல் செய்யலாம். சீக்கிரம் அனுப்புங்கள்.

தம்பி குலமணி

குசும்காட்
ஏப்ரல் 25

தம்பிக்கு,

வீடு வீடாக ஏறி இறங்கினேன். பீதாம்பர் காதைப் பொத்திக்கொண்டார். "ஏம்மா, ஆறுன்னு நம்பி முழுகுனோம். குழாய்த் தண்ணின்னு கோர்ட்டுல எழுதிக்குடுத்தா எங்க விரதம் என்னாகும்? சாமி சும்மா விடுமா?" என்றார். "நெல்லு கருகினா மட்டும் சாமி வந்து சோறு போடுமா?" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார். சுபலோ, "அம்மா, மோட்டாருக்குக் கொக்கி போட்டு கரண்ட் எடுத்திருக்கேன். என்னை உள்ள தள்ளிட்டுத்தான் ஓய்வியா?" என்கிறான்.

அதனால் நான் மட்டும் சோன்பூர் போய், நடந்தது அத்தனையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பத்திரம் எழுதுகிறவர், "யார் யார் பார்த்தாங்க பாட்டி?" என்றார். உன் பெயரையும் சொன்னேன். பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். கதிர் வெளுக்கிறது, தம்பி. தாமதிக்காதே.

சைரந்திரி

கட்டாக்
மே 2

அக்காவுக்கு,

பத்திரம் கிடைத்தது. யோசித்துப் பார்த்தேன், அதைக் கொடுக்க முடியாது. நீங்கள் என் அக்கா என்று எதிர்த்தரப்புக்குத் தெரியும். பக்கத்தில் நின்றவன் அன்றைக்கே ஏன் வாய் திறக்கவில்லை என்று என்னைத்தான் கேட்பார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு என் பெயர் போயிருக்கிற நேரம். உங்களுக்குப் புரியும். அடுத்த கோடைக்கு நிச்சயம் பார்த்துக்கொள்ளலாம். மாம்பழம் அனுப்பியிருக்கிறேன்.

குலமணி

குசும்காட்
மே 19

வக்கீல் ஐயாவுக்கு,

"ஆற்றில் நீர் இருக்கக் கண்டோம், இப்போது திறந்துவிட அவசியமில்லை" என்று உத்தரவு வந்துவிட்டதாம். பஞ்சாயத்துக்காரர் படித்துச் சொன்னார். நெல் முழுக்கப் பதராகிவிட்டது. சுபல் வயலை மாட்டுக்குத் திறந்துவிட்டான். அவையும் இரண்டு வாய் கடித்துவிட்டுத் திரும்பி வந்தன. பீதாம்பர் என் வாசலில் வந்து உட்கார்ந்து அழுதார். பழைய சோறு போட்டு அனுப்பினேன்.

மாம்பழக் கூடையைப் பிரிக்கவில்லை. அதே லாரியில் திருப்பி ஏற்றிவிட்டேன்.

பீதாம்பர் சாமிக்குப் பயந்தார், விட்டுவிட்டேன். சுபல் ஜெயிலுக்குப் பயந்தான், பெற்ற பிள்ளை, விட்டுவிட்டேன். என்னைத் தள்ளிய போலீஸ்காரனுக்கு நான் யாரென்று தெரியாது. கண்ணாடிக்காரர் கூலி வாங்கின மாநிலத்துக்கு உழைத்தார். அவரைக்கூடக் குறை சொல்லமாட்டேன். அவர் மாநிலத்துக்கு அப்படி ஒருத்தர் வாய்த்தார்.

நமக்கும் ஒருத்தர் இருந்தார். இது ஆற்றுத் தண்ணீரா என்று அவரைத்தான் கேட்டார்கள். இல்லை என்று ஒரு சொல் போதும். நான் சாகும்வரை மன்னிக்காத ஆள் அவர் ஒருவர்தான்: குலமணி பெஹெரா.